ஒன்பது நாளில் முடிகிற நாடு

அக்கா சாப்பிட்ட டப்பாவை யாரும் கழுவ வேண்டியதில்லை. சோறு, குழம்பு, கறிவேப்பிலை என்று மிளகாய்க் காம்பைத் தவிர எல்லாமே உள்ளே போய்விடும். கடைசியில் ஒரு வாய்த் தண்ணீரை ஊற்றிச் சுழற்றி, அதையும் குடித்துவிட்டுத்தான் மூடியைப் போடுவார். பார்க்கிற எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் டப்பாவை எட்டிப் பார்த்தார். ஓரத்தில் நான் ஒதுக்கி வைத்திருந்த கத்தரிக்காய் அவர் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷம் என் கத்தரிக்காய்களை அவர்தான் சாப்பிட்டார்.

ரங்கூனில் பான்சோடான் தெரு நடைபாதையில் எங்கள் பிழைப்பு நடந்தது. அக்காவுக்கு ஒரு மேசை, இரண்டு டைப்ரைட்டர், மேலே ஒரு தார்ப்பாய். ஒரு டைப்ரைட்டர் பர்மிய எழுத்து, இன்னொன்று ஆங்கிலம். பக்கத்திலேயே கட்டடத்தின் வாசலை ஒட்டி என் நகலெடுக்கும் மெஷின். ஜப்பானில் பத்து வருஷம் உழைத்து ஓய்வு பெற்று, கப்பலேறி எங்களிடம் வந்து சேர்ந்த கிழட்டு மெஷின் அது. தினமும் இரண்டு மூன்று தடவை கரண்ட் போகும். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அக்கா வேண்டுமென்றே சத்தமாகத் தட்டுவார்.

அவருடைய அப்பா தஞ்சாவூர்ப் பக்கம், இன்சீன் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அம்மா பர்மியப் பெண். அதனால் அக்கா கன்னத்தில் தனகா என்ற மரப்பட்டைச் சாந்து பூசி, நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு வருவார். பேச்சில் அவ்வப்போது வாக்கியத்தின் வாலில் பர்மாக்காரர்கள் போடுகிற 'நோ' ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நம் ஊர் 'சரிதானே' மாதிரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரங்கூனிலேயே தாகேதா பகுதியில் தன் தம்பி குடும்பத்தோடு இருந்தார். தம்பி குடும்பம் அவரோடு இருந்தது என்று சொல்வதுதான் சரி. வீட்டு அரிசி அவருடைய விரல்களிலிருந்துதான் போனது.

மிச்சம் என்பது அவருக்கு ஆகாது. கார்பன் தாளை அந்தப் பக்கம் இருக்கிற ஆள் தெரிகிற வரைக்கும் விடமாட்டார். பென்சில் விரல் நுனிக்குள் மறைந்த பிறகும் எழுதிக்கொண்டிருக்கும். தப்பாகப் போன விண்ணப்பப் பாரத்தின் பின்பக்கத்தில் சாமான் பட்டியல், அதுவும் முடிந்தால் எனக்குத் திட்டு எழுதி மெஷின்மேல் வைத்துவிடுவார். ஒரு வாடிக்கையாளர் அரை டம்ளர் தேநீரை வைத்துவிட்டு எழுந்தபோது, அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் குடிக்கச் சொன்னதை நானே பார்த்தேன். அந்த மனிதர் ஏதோ பெரிய பதவியில் இருந்தவர் போலிருந்தது. குடித்துவிட்டுத்தான் போனார்.

கடன் பத்திரம், வாடகை ஒப்பந்தம், மன்னிப்புக் கடிதம், மறுபடி கடன் பத்திரம் என்று எல்லாமே டைப் செய்வார். ஆனால் அவருடைய பேர் விளங்கியது பாஸ்போர்ட் பாரத்தில்தான். அந்தப் பாரத்தில் ஒரு கட்டம் உண்டு. எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்கும். அங்கேதான் எல்லோருக்கும் பேனா நிற்கும். அக்காவுக்கு நிற்காது. ஆளை மேலும் கீழும் பார்ப்பார், இரண்டு கேள்வி கேட்பார், தட்டிவிடுவார். புத்தகயா யாத்திரை, கண் ஆபரேஷன், சித்தப்பாவைப் பார்க்க. மலேசியாவில் அவர் உண்டாக்கிய சித்தப்பாக்களை ஒன்று சேர்த்தால் ஒரு ஊரே குடியேறியிருக்கும். நான் ரங்கூனை விட்டு பினாங்குக்கு வரும்போது எனக்கும் ஒரு சித்தப்பாவைக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

இப்படிப்பட்டவர் தனக்கென்று ஒரு பாரம் எடுத்தது ஒரு கப்பல்காரரால். அந்த மனிதர் சான்றிதழ்களை நகல் எடுக்க வந்தார். போகும்போது ஒரு மடிப்புத் தாளை என் மெஷின்மேல் விட்டுவிட்டுப் போய்விட்டார். ஏதோ துறைமுகத்தில் இலவசமாகக் கொடுத்த சுற்றுலாத் தாள். மலை நேராக வந்து கடலுக்குள் காலை விட்டுக்கொண்டிருந்தது. நடுவில் கிடைத்த இடத்தில் சிவப்பு ஓடு போட்ட ஊர். பின்பக்கம் வரைபடம். மாண்டினீக்ரோ என்று போட்டிருந்தது. தனி நாடாகி அதிக நாள் ஆகியிருக்கவில்லை, நாங்கள் யாரும் கேள்விப்பட்டதுமில்லை. அக்கா அதை ஒரு மாதம் பத்திரமாக வைத்திருந்தார். ஆள் வரவில்லை. அதன் பிறகு ஸ்கேலை எடுத்து வரைபடத்தை அளந்தார்.

"இங்கேருந்து பஸ் ஏறி வடக்கே பியே ஊருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நாடே முடிஞ்சுடும் தம்பி" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

அவருடைய கணக்கு இது. ஒன்பது நாள்தான் போக முடியும். நடைபாதையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஒன்பது நாள் வரைக்கும் காலியிடத்தைப் பக்கத்தில் இருப்பவர் காத்துக் கொடுக்கலாம். பத்தாவது நாள் யார் மேசையைப் போட்டாலும் கேட்க முடியாது. ஆகவே போகிற நாடு ஒன்பது நாளில் முடிய வேண்டும். இந்தியாவுக்குப் போனால் முக்கால்வாசி மிச்சமாகிவிடும். சீனாவைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. சிங்கப்பூர் சின்னதுதானே என்றேன். அங்கே இறங்கினால் தான் டைப் செய்து அனுப்பிய பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள், அதோடு மலை இல்லை என்றார். இங்கே ஒரே டிக்கெட்டில் மலை, கடல் இரண்டும்.

இதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். 'நாங்கள்' என்றால் நான், எதிரே வெற்றிலைக் கடைக்காரர், பாஸ்போர்ட் தரகர் ஒருவர். ரங்கூனிலிருந்து ஆட்கள் வெளிநாடு போவார்கள், வேலைக்குப் போவார்கள், வைத்தியத்துக்குப் போவார்கள், புத்தர் ஞானம் பெற்ற இடத்துக்குப் போவார்கள். விடுமுறைக்குப் போனதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அதுவும் ஐம்பத்திரண்டு வயதில், காரணமே இல்லாமல், பெயர் வாயில் நுழையாத நாட்டுக்கு.

அக்கா எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. சாயங்காலம் இன்டர்நெட் கடையில் ஒரு மணி நேரம் உட்காருவார். கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் கெட்டுப்போன பாரங்களின் பின்பக்கத்தில் பகலிலேயே எழுதி வைத்துக்கொள்வார். ஒரு மணி நேரத்தில் மற்றவர்கள் ஒரு கடிதம் அனுப்பினால் அவர் பதினொன்று அனுப்புவார். கூட்டம் இல்லாத அக்டோபரில் அறை பாதி விலை என்று கண்டுபிடித்தார். அப்போது தண்ணீர் குளிருமாமே என்றேன். கடலைப் பார்க்கத்தானே போகிறேன், குளிக்க தாகேதாவில் குழாய் இருக்கிறது என்றார். நாலு கிலோ அரிசி, ஒரு பாட்டில் பாலச்சாங், ஒரு சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப் போவது என்று முடிவானது. பாலச்சாங் என்பது காய்ந்த இறாலையும் பூண்டையும் வறுத்துச் செய்கிற எங்கள் ஊர்ப் பொடி. விமானத்தில் பாட்டில் உடைந்தால் மொத்த ஐரோப்பாவுக்கும் நம் விலாசம் தெரிந்துவிடும் என்று வெற்றிலைக் கடைக்காரர் சொன்னார்.

அந்தச் சிவப்பு ஓட்டு ஊருக்குப் பேர் கோட்டோர். அங்கே மலைமேல் ஒரு கோட்டை, ஆயிரத்துச் சொச்சம் படி. ஏறாமல் வந்தால் மிச்சமாகிவிடுமே. அதனால் மத்தியானம் சாப்பிட்டதும் இரண்டு கட்டு வெள்ளைத் தாளைப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் பின்னால் இருந்த ஆறு மாடிக் கட்டடத்தில் ஏறி இறங்குவார். லிஃப்ட் கிடையாது. மூன்றாவது நாள் ஐந்தாவது மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து என் காதில் ரகசியமாகக் கேட்டார், அந்த அம்மா வார்டு ஆபீஸிலிருந்து வருகிறார்களா என்று. அவர் வீட்டில் மாவ்பியிலிருந்து வந்த மச்சான் ஒருவர் பதியாமல் தங்கியிருந்தார். காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மச்சானைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மச்சான் தினமும் மத்தியானம் குளியலறையில் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் ஊரில் யார் வீட்டிலாவது ஒரு ராத்திரி வேறு ஆள் தங்கினால், அது கூடப்பிறந்தவராக இருந்தாலும், அந்த வட்டாரத்து வார்டு ஆபீஸில் விருந்தாளிப் பட்டியலில் பேர் எழுத வேண்டும். குடும்பப் பட்டியலைக் காட்ட வேண்டும். பிறந்ததிலிருந்து இப்படியே இருந்ததால், உலகம் முழுக்க இப்படித்தான் என்று அக்கா நினைத்திருந்தார். கோட்டோரில் அறை வாடகைக்கு விடுகிற ஒரு வீட்டுக்கார அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். தங்கள் வார்டு ஆபீஸில் என்னைப் பதிவதற்கு என்னென்ன நகல்கள் வேண்டும், எத்தனை பிரதி என்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை. தம்பி, தம்பி மனைவி, பிள்ளைகள் என்று ஏழு பேர் அடங்கிய குடும்பப் பட்டியலை ஆங்கிலத்தில் டைப் செய்து கூடவே அனுப்பிவிட்டார்.

நான் இரண்டு நாள் சிரித்தேன். தரகர் மூன்று நாள். ஐரோப்பாவில் யார் வீட்டில் யார் தூங்கினாலும் கேட்க நாதி இல்லை அக்கா, அந்த அம்மா பயந்து அறையே இல்லை என்று சொல்லிவிடுவார் என்றார் தரகர். அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. அன்று என் கத்தரிக்காயைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

நாலாவது நாள் பதில் வந்தது. அக்கா அதை அச்செடுத்து வந்து, எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்து வாசித்தார். அன்புள்ள அம்மா, விருந்தாளி வந்த இருபத்து நாலு மணி நேரத்துக்குள் நான் உங்களைப் பதிய வேண்டும், அது இங்கே சட்டம், நானே ஆபீஸுக்கு அழைத்துப் போவேன், நாளுக்கு ஒரு சின்ன வரி உண்டு, பாஸ்போர்ட் ஒன்று போதும். குடும்பப் பட்டியல் தேவையில்லை, ஆனால் படித்தேன், ஏழு பேருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தரகர் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா அந்தத் தாளை என்னிடம் கொடுத்து ஐந்து நகல் எடுக்கச் சொன்னார். ஒன்றைக் கண்ணாடிக்கு அடியில் மேசைமேல் வைத்துக்கொண்டார்.

இனி பாஸ்போர்ட். தன்னுடைய பாரத்தைத் தானே சுருட்டி டைப்ரைட்டரில் ஏற்றினார். பேர், அப்பா பேர், பிறந்த இடம் எல்லாம் மழை மாதிரி விழுந்தது. காரணம் என்ற கட்டத்தில் விரல் ஒரு நொடி நின்றது. பிறகு பர்மிய மொழியில் ஒரே வரி தட்டினார். நம் பாஷையில் சொன்னால், 'சும்மா சுற்றிப் பார்க்க.'

எனக்குப் பகீரென்றது. யாத்திரை என்று போடுங்கள், இல்லாவிட்டால் கண் ஆபரேஷன், ஊருக்கெல்லாம் சித்தப்பா கொடுத்தவர் உங்களுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று மன்றாடினேன்.

"மத்தவங்களுக்குப் பொய் எழுதுறது தொழில்" என்றார். "எனக்கே எழுதிக்கிட்டா அது கெட்ட பழக்கம் நோ."

பிறகு டைப்ரைட்டரைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

"இன்சீன் போனா ஆஸ்பத்திரிக்கு. மாவ்பி போனா சாவுக்கு. மாண்டலே ஒரே தடவ போனேன், அது கல்யாணத்துக்கு. எங்க போனாலும் யாருக்காச்சும் குடுக்க கையில ஒரு பை இருக்கும் தம்பி. ஒரு தடவயாச்சும் எதுக்கும் இல்லாம போயிட்டு வரணும்."

எனக்கு வெட்கமாக இருந்தது.

பாஸ்போர்ட் ஆபீஸில் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒழுங்கான காரணம் எழுதி வரச் சொன்னார்களாம். வீட்டில் இன்னொரு போர். தம்பிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அக்காவின் சேமிப்பு தம்பியின் மூத்த மகனை மலேசியாவுக்கு அனுப்பியிருந்தது. மிச்சம் இருப்பது இளையவனுக்கு என்று தம்பி எப்போதோ முடிவு செய்திருந்தார், அக்காவிடம் சொல்லத்தான் மறந்துவிட்டார். ஒரு வாரம் வீட்டில் யாரும் அவரோடு பேசவில்லை. அமைதியாக இருக்கிறது, நன்றாகத் தூக்கம் வருகிறது என்றார் அக்கா. ஆனால் அந்த வாரம் அவர் தட்டிய கடிதங்களில் எழுத்துப் பிழை இருந்தது. இருபத்தைந்து வருஷத்தில் நடக்காதது.

புயல் வந்து போன மறு வருஷம் அது. பாதி ஊரின் கூரை இன்னும் தார்ப்பாய்தான். கூரை போடாமல் ஊர் சுற்றப் போகிறாளே என்று தாகேதாவில் பேசினார்கள். அவர் கூரையைத்தான் முதலில் போட்டிருந்தார். அதை யாரும் பேசவில்லை.

இரண்டாவது தடவை நானும் கூடப் போனேன். நகல்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நடுவயதுக்காரர், களைத்த முகம். காரணக் கட்டத்தைப் பார்த்தார். அதே வரி. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றார் அக்கா. பாரத்தைத் திருப்பி நீட்டப் போனார் மனிதர். அக்கா கோட்டோர்க் கடிதத்தை வைத்தார்.

அதிகாரி நிதானமாகப் படித்தார். "இவங்க யாரு?"

"நான் தங்கப்போற வீட்டுக்காரம்மா."

"சொந்தமா?"

"இல்ல."

"பதிவாங்களா?"

"இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ள" என்றார் அக்கா. "அவங்களே கூட்டிட்டுப் போவாங்க."

அதிகாரியின் முகம் தளர்ந்தது. மாண்டினீக்ரோ எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. சும்மா போவது என்றால் என்னவென்றும் தெரிந்திருக்காது. ஆனால் விருந்தாளியைப் பதிகிறவர்கள் என்றால் ஒழுங்கான மனிதர்கள். அது அவருக்குப் புரிந்தது. முத்திரையை எடுத்தார். விசாவில் அவ்வளவு பாடு இல்லை. அந்த நாட்டுக்கு ரங்கூனில் தூதரகம் கிடையாது, வேறொரு நாட்டவர் அவர்களுக்காகவும் பார்த்துக்கொண்டார்கள். சுற்றிப் பார்க்க என்றதும் அங்கே இருந்த பெண் உடனே தலையாட்டினாளாம். அதற்குத்தானே விசா என்ற மாதிரி.

பாஸ்போர்ட் வந்ததும் வீட்டில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பேசியது வேறு எதற்கும் இல்லை. அங்கே கப்பல் கம்பெனியில் இளையவனுக்கு வேலை கேட்க வேண்டும் என்றார் தம்பி. தம்பி மனைவி முகத்துக்குப் பூசும் கிரீம் ஒன்றின் டப்பாவைக் கொடுத்து இதே மாதிரி என்றார். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஜெர்மனியில் ஒரு தங்கை, பக்கம்தானே, எங்கள் ஊரில் சாப்பிடுகிற ஊறுகாய்த் தேயிலை அரைக் கிலோ கொடுத்துவிட்டு வர முடியுமா என்றார். நானும் லேசுப்பட்டவன் இல்லை. என் மெஷினுக்கு ஒரு பல்சக்கரம் தேய்ந்திருந்தது. ஐரோப்பாவில் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். பழைய சக்கரத்தைக் காகிதத்தில் பொதிந்து அவர் மேசைமேல் வைத்தேன்.

அக்கா அதைப் பிரித்துப் பார்த்தார். மறுபடி மடித்து என் மெஷின்மேல் வைத்தார். "இத நான் எடுத்துட்டுப் போனா, நான் சக்கரம் வாங்கப் போனவளாயிடுவேன் தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் உறைத்தது.

விமான நிலையத்தில் தம்பி மனைவி கடைசி நிமிஷத்தில் தேயிலைப் பொட்டலத்தைப் பைக்குள் செருகினார். அக்கா எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, சாப்பிடு, நல்ல தேயிலை என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. பை பாதிதான் நிரம்பியிருந்தது. அவ்வளவு லேசான பையோடு ரங்கூனிலிருந்து யாரும் விமானம் ஏறியிருக்க மாட்டார்கள்.

ஒன்பது நாளும் அவர் நாற்காலியில் என் துண்டு கிடந்தது. ஏழாவது நாள் தெருக்கோடி டைப்பிஸ்ட் ஒருவர் வந்து மேசையை ஆசையாகத் தடவிப் பார்த்தார். டைப்ரைட்டரில் கை வைத்தால் ஷாக் அடிக்கும் என்றேன். கரண்டே இல்லையே என்றார். அதுதான் ஆபத்து என்றேன். போய்விட்டார்.

பத்தாவது நாள் காலையில் நான் வரும்போது டைப்ரைட்டர் சத்தம் கேட்டது. தனகா, விபூதி, டப்பா எல்லாம் பழையபடி. யாருக்கும் எதுவும் வாங்கி வரவில்லை. வேலைக்கு நடுவே, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார்.

முதலில் நோட்டு. எங்கள் ஊரில் டாலரோ யூரோவோ மடிப்பு விழுந்தால் வாங்கமாட்டார்கள், மூலை நைந்தால் பாதி விலை. அதனால் அக்கா யூரோ நோட்டுகளை இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்று விமானம் மாறிப் போயிருக்கிறார். வீட்டுக்கார அம்மாவிடம் இரண்டு கையாலும் நீட்டினார். அந்த அம்மா வாங்கி நாலாக மடித்து, ஈரக் கையோடு ஏப்ரனுக்குள் திணித்துக்கொண்டார். அக்காவுக்கு நெஞ்சு வலித்ததாம்.

பிறகு குக்கர். போட்டதும் வீடு முழுக்க ஃப்யூஸ் போய்விட்டது. அக்கா கூனிக் குறுகிவிட்டார். வீட்டுக்கார அம்மா மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டு வந்து, அரை வேக்காட்டுச் சோற்றை அடுப்பில் வேக வைத்துக் கொடுத்தார். பாலச்சாங்கைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார், அப்படியே இரண்டு தட்டுச் சாப்பிட்டார். கோட்டைப் படிகளில் அக்கா ஒரு தடவைகூட நிற்காமல் ஏறினார். ஊர் முழுக்கப் பூனைகள், எதற்கும் வேலை இல்லை, எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன என்றார்.

"ஒருத்தரும் கேக்கல தம்பி, எதுக்கு வந்தேன்னு" என்றார். "பதில் தயாரா வச்சிருந்தேன். முதல் மூணு நாள் அதுலயே தூக்கம் வரல. அப்புறம் மறந்துட்டேன்."

அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். ஐம்பத்திரண்டு வயது முகம் அது என்று அந்த நேரத்தில் யாரும் சொல்ல முடியாது. எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

நாட்டை முடித்தீர்களா என்று கேட்டேன். 'ம்' என்றார். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை. முடித்திருந்தால் பட்டியல் போட்டுச் சொல்லியிருப்பார்.

ஒரு மாதம் கழித்து, மேசை இழுப்பறையில் குண்டூசி தேடும்போது அந்தச் சுற்றுலாத் தாள் கையில் கிடைத்தது. விரித்துப் பார்த்தேன். வரைபடத்தில் ஊர் ஊராகச் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. கோட்டோர், புத்வா, செட்டினியே, வடக்கே மலை ஊர், தெற்கே 'பார்' என்கிற துறைமுக ஊர். எல்லாவற்றிலும் இருந்தது. கடற்கரையின் தென்கோடியில் உல்சின் என்று ஓர் ஊர். அதில் மட்டும் இல்லை.

பணம் தீர்ந்துவிட்டதா, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டேன். இரண்டும் இல்லை. எட்டாவது நாள் காலையில் பார் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார். உல்சின் பஸ் கதவைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறது. ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம். சில்லறை எண்ணிக் கையில் இருந்தது. கண்டக்டர் ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார். அக்கா ஏறவில்லை. பஸ் போனதைப் பார்த்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தாராம், சாயங்காலம் வரைக்கும்.

"ஏன்க்கா?"

அவர் என் டப்பாவைக் காட்டி, "கத்தரிக்கா வச்சிருக்கியா?" என்றார்.

அப்போதெல்லாம் ஒவ்வொரு தடவை வெளிநாடு போகவும் புதிதாக ஒரு பாரம் போட வேண்டும். மறு வருஷம் மழைக்காலம் முடியப்போகிற ஒரு மத்தியானம், கரண்ட் வந்து என் மெஷின் இருமிக்கொண்டே எழுந்த நேரத்தில், அக்கா ஒரு பாரத்தை டைப்ரைட்டரில் ஏற்றினார். எதிரே வாடிக்கையாளர் யாரும் இல்லை. தட்டி முடித்ததும் உருவி என்னிடம் நீட்டினார்.

"மூணு" என்றார்.

பேர் அவருடையது. நாடு அதே நாடு. காரணம் என்ற கட்டத்தைப் பார்த்தேன். ஒரே வரி.

'மிச்சம் இருக்கிறது.'

நான் இரண்டு தடவை படித்தேன். நிமிர்ந்து பார்த்தால், அவர் அடுத்த ஆளுக்கு ஒரு சித்தப்பாவை உண்டாக்கிக்கொண்டிருந்தார். நான் பாரத்தைக் கண்ணாடிமேல் வைத்துப் பட்டனை அழுத்தினேன். தேய்ந்த பல்சக்கரம் ஒரு பல் வழுக்கி, நாலு தாள் வெளியே வந்து விழுந்தது.

வீணாய்ப் போன தாள் எப்போதும் அவருக்கு. பின்பக்கம் எழுத உதவும். நாலாவதை நீட்டினேன். அக்கா அதை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, என் பக்கமே தள்ளிவிட்டார்.

"இருக்கட்டும், நீயே வச்சுக்க" என்றார்.

அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. பின்பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை.